மஞ்சள் கடுதாசி தேடிப் போனேன்

1

இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளை என் மனைவி வருஷா வருஷம் ஞாபகம் வைத்திருந்து பாயசம் வைப்பாள். எதற்கென்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இந்த வருஷம் சேமியா குழைந்துவிட்டது. அதைக் கரண்டியால் வெட்டித் தின்றுகொண்டிருந்தபோது தூத்துக்குடியிலிருந்து அக்காவின் போன் வந்தது.

அக்கா மில்லர்புரத்தில் இருக்கிறாள். போனில் 'ஹலோ' சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. விட்ட இடத்திலிருந்து தொடர்வது போலத்தான் பேசுவாள், விட்டது போன மாதமாக இருந்தாலும்.

"ஏலே முத்து, ஒனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். நம்ம பிரியாவுக்கு ஒரு இடம் வந்திருக்கு. பையன் ஒங்க ஊருதான்."

அக்காவுக்கு அமெரிக்கா முழுவதும் எங்கள் ஊர்தான். ஒருமுறை விமானத்தில் ஆறு மணி நேரம் போக வேண்டிய ஊரில் இருந்த ஒருவனை "ஒரு எட்டு போயி பாத்துட்டு வா" என்றவள். ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே பையன் எங்கள் கவுண்டிதான். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. நாங்கள் தெற்குக் கோடி, அவர்கள் வடக்குக் கோடி.

பிரியா அக்காவின் ஒரே மகள். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலை. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் பேப்பர் சரியில்லாத கன்டெய்னர் மாதிரி திருப்பி அனுப்பியவள். இந்தப் பையன் கார்த்திக்கிடம் மட்டும் சில மாதங்களாகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதும், பேசி முடித்த பிறகு வீட்டில் யார் என்ன சொன்னாலும் சிரிக்கிறாள் என்பதும் அக்கா தந்த தகவல்.

"அப்புறம் என்னக்கா, நல்ல விஷயம்தான?"

"எல்லாம் நல்ல விஷயந்தான். ஆனா பையனோட அப்பா அங்கன மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாவன்னு ஒரு பேச்சு அடிபடுது."

"யாரு சொன்னா?"

"சொன்னது யாரா இருந்தா ஒனக்கு என்ன? சொல்லுதாவ. நீ அங்கன விசாரிச்சுச் சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, மேக்கொண்டு பேசுவோம். உண்டுன்னா இத்தோட விட்டுருவோம். ஒன் வார்த்தைதான் முடிவு."

வழக்கமாக இந்த இடத்தில் பிரியா போனைப் பிடுங்கி, "மாமா, எப்ப வாரீய?" என்று கேட்பாள். அன்று பிடுங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாள்: 'மாமா, பாத்துப் பண்ணுங்க.' குழைந்த பாயசம் அதற்கு மேல் இறங்கவில்லை.

2

ஊரில் என்றால் இது ஒரு வேலையே இல்லை. விசாரிப்பதற்கென்றே எங்கள் குடும்பத்தில் ஒரு சித்தப்பா இருந்தார். சம்பந்தம் பேசுகிற வீடு எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெரு முக்குக் கடையில் போய் கால் கிலோ துவரம்பருப்பு வாங்குவார். பருப்பு நிறுத்துக் கட்டுவதற்குள் பாதி விஷயம் வந்துவிடும். அடுத்தது டீக்கடை. அதற்கடுத்தது சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவர். கடைசியாக எதிர்வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். திரும்பி வரும்போது அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை அவர் பையில் இருக்கும், கூடவே எங்களுக்கு ஒரு பொட்டலம் மக்ரூனும் இருக்கும்.

அவருக்கு ஒரே ஒரு விதிதான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், சம்பந்தப்பட்ட ஆளிடம் மட்டும் கேட்கக் கூடாது. "அவன்ட்ட போயி கேட்டா அது விசாரணையாலே? அது சண்டைல்லா" என்பார்.

மஞ்சள் கடுதாசி என்பது எங்கள் ஊரில் வெறும் கடுதாசி இல்லை. தொழிலில் நொடித்துப்போய் திவால் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தவருக்கு அது பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அவர் மகன் டாக்டரானாலும் 'மஞ்சக்கடுதாசி வீட்டு டாக்டர்'தான். பேரன் ஊரைவிட்டே போன பிறகும் அந்த வீட்டை அப்படித்தான் அடையாளம் சொல்வார்கள். தபால்காரர்களுக்கு அது ஒரு வசதி.

இங்கே என் பிரச்சினை என்னவென்றால் தெரு முக்கில் கடை கிடையாது. முக்கே கிடையாது. எதிர்வீட்டுக்காரர் பெயர் பாப் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. அதுவும் அவர் நாயைக் கூப்பிட்டபோது கேட்டதோ என்ற சந்தேகம் உண்டு. இந்த லட்சணத்தில் கவுண்டியின் மறுகோடியில் இருக்கும் ஒருவரைப் பற்றி யாரிடம் போய்ப் பருப்பு வாங்குவது?

ஆபீசில் கூட வேலை செய்யும் ஒருவர் வழி சொன்னார். "இங்கே எல்லாம் கோர்ட் ரெக்கார்டில் இருக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்."

"அவருக்கு நான் என்ன உறவு என்று கேட்கமாட்டார்களா?"

"எதற்குக் கேட்கிறார்கள்?" என்றார் அவர்.

3

கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. ஆபீசில் பல்வலி என்று சொல்லிவிட்டு கவுண்டி கோர்ட்டுக்குப் போனேன்.

வாசலில் இரும்பு நிலைப்படி போல ஒரு சோதனைக் கருவி. அதற்குள் நுழைந்ததும் கத்தியது. சாவியை எடுத்தேன், கத்தியது. பெல்ட்டைக் கழற்றினேன், சில்லறையை எடுத்தேன், ஷூவைக் கழற்றினேன். அது என்னைக் கண்டாலே கத்தியது. காவலர் நம்மூர் வாசல் கதவு அளவுக்கு இருந்தார். கையில் ஒரு கோல் வைத்து என்னைத் தடவிக்கொண்டே வந்தார். கோல் இடுப்பில் வந்து நின்று அலறியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளி அரைஞாண்.

"அது என்ன?"

"எங்கள் வழக்கம். இடுப்பில் கட்டுவோம்."

"எதற்கு?"

பிறந்ததிலிருந்து கட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வேட்டி நிற்பதற்கு."

வேட்டி என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் என் பேண்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்தத் துணி இப்போது எங்கே?" என்றார்.

"வீட்டில்."

இவனால் யாருக்கும் ஆபத்தில்லை என்று முடிவு செய்து உள்ளே விட்டுவிட்டார்.

கவுண்டரில் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்ட ஓர் அம்மாள் இருந்தார். மார்த்தா என்று சட்டையில் எழுதியிருந்தது. நான் என்ன கேட்க வேண்டும் என்பதை காரிலேயே இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாசல் கலவரத்தில் அது பறந்துபோய்விட்டது. பதற்றம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் தூத்துக்குடி வழியாகத்தான் வரும்.

"ஒருவர் மஞ்சள் காகிதம் கொடுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்" என்றேன்.

"மஞ்சள் காகிதமா? அது கல்யாண லைசென்ஸ் படிவம். கடைசிக் கவுண்டர்." என்னைச் சுற்றிலும் எட்டிப் பார்த்தார். "மணப்பெண் வந்திருக்கிறாரா?"

"மணப்பெண் தூத்துக்குடியில் இருக்கிறாள்" என்றேன். சொன்ன பிறகுதான் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டேன் என்பது உறைத்தது.

ஒருவழியாக திவால் என்பதற்கான சொல் நாக்கில் வந்தது. மார்த்தாவின் முகம் தெளிந்தது. "ஓ, அதுவா. அது எங்களிடம் கிடையாது. திவால் வழக்கெல்லாம் மத்திய அரசின் கோர்ட்டில்தான். நீங்கள் சிட்டிக்குப் போக வேண்டும். எங்களிடம் கடன் வழக்கு, வாடகை வழக்கு, விவாகரத்து, உயில் இருக்கின்றன." ஓட்டலில் இட்லி தீர்ந்துபோன பிறகு மற்றதைச் சொல்வது போலச் சொன்னார். "விவாகரத்து பார்க்கிறீர்களா?"

இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு எப்படிப் போவது? "பாருங்கள்" என்றேன்.

"பெயர்?"

"சுயம்புலிங்கம். முழுப் பெயர் சுயம்புலிங்கம் தங்கையா. மகன் பெயர் கார்த்திக் சுயம்புலிங்கம்."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "அப்பாவுக்கும் மகனுக்கும் வேறு வேறு குடும்பப் பெயரா?"

"ஆமாம்."

"தத்துப்பிள்ளையா?"

"இல்லை, சொந்தப் பிள்ளை. அதனால்தான் வேறு."

மார்த்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். இரண்டு பெயரையும் எல்லா விதத்திலும் மாற்றிப் போட்டுப் பார்த்தார். விவாகரத்து இல்லை, வாடகை பாக்கி இல்லை, கடன் வழக்கும் இல்லை. "நல்ல மனிதர் போலிருக்கிறதே" என்று அவராகவே சொன்னார்.

கடைசிவரை அவர் என்னிடம் கேட்காத கேள்வி ஒன்றுதான்: உனக்கு எதற்கு இதெல்லாம்? நம்மூர் ஆபீசில் என்றால் முதல் கேள்வியே அதுதான். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே ஒரு மனிதனின் பெயரைச் சொன்னால் போதும், அவன் குடும்பத்தைக் கவுண்டரில் விரித்துவிடுகிறார்கள். எனக்கு வேலை சுலபமாயிற்று என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ கழுத்துக்குப் பின்னால் கூசியது.

4

மத்திய அரசு கோர்ட் இருக்கும் சிட்டிக்கு மகள் நிலாதான் காரோட்டினாள். அவளுக்குப் பதினாறு வயது, ஓட்டுநர் பயிற்சி நடக்கிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஓட்டலாம். அந்தப் பெரியவரின் வேலை கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுவது. பள்ளி விடுமுறை நாள், அப்பா கோர்ட்டுக்குப் போகிறார் என்றதும் ஆசையாக வந்தாள்.

பாதி வழியில் அக்காவின் போன். காரின் ஸ்பீக்கரில் வந்தது. நிலா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த மொத்தத்தையும் இறக்கினாள்.

"வணக்கம் அத்தை. தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

"முத்து, யாரோ நியூஸ் வாசிக்காவல்ல, அத அமத்து மொதல்ல" என்றாள் அக்கா.

"அக்கா, அது நிலா."

"நிலாவா? ஏளா, என்னளா இது, மைக் முன்னால நிக்க மாதிரி பேசுத? அத்தேன்னு வாய் நெறையக் கூப்பிடு."

நிலா என்னைப் பார்த்தாள். ரோட்டைப் பார் என்று நான் அலறினேன். தமிழ் பேசாவிட்டால் குற்றம், பேசினாலும் குற்றம் என்றால் அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்? "அத்தை தப்பா எடுத்துக்கல, கண்ணு" என்றேன். அவள் வண்டியை இரண்டு லாரிகளுக்கு நடுவே கொண்டுபோனாள். எனக்கு அரைஞாண் இறுகியது.

இந்தக் கோர்ட்டில் அரைஞாணைப் பற்றிச் சொல்லும் வசனத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தேன். பிரச்சினை வரவில்லை. மேலே பொதுமக்கள் பார்ப்பதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பார்ப்பதற்குக் காசு இல்லை, நகல் எடுத்தால்தான் காசு. நிலா உட்கார்ந்து பெயரைத் தட்டினாள். நான் அவள் தோளுக்கு மேலே குனிந்து நின்றேன்.

வந்துவிட்டது. சுயம்புலிங்கம் தங்கையா. வடக்குக் கோடி விலாசம். திவால் மனு. சில வருஷங்களுக்கு முன்னால் தாக்கல் செய்து, கோர்ட் கடனிலிருந்து விடுவித்து, முடித்தாயிற்று.

"கெடச்சிருச்சி!" என்று கையைத் தட்டிவிட்டேன். அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடியே பிரியாவின் அந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. தட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்பா, இது அவ்வளவு மோசமா?" என்றாள் நிலா. "எங்க ஹிஸ்டரி டீச்சர்கூட பண்ணியிருக்கார். க்ளாஸ்லயே சொன்னார்."

க்ளாஸில் சொன்னாராம். எங்கள் ஊரில் ஒரு வாத்தியார் அப்படிச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் சாயங்காலமே பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். நான் அவளுக்கு மஞ்சள் கடுதாசியின் மகத்துவத்தை விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோர்ட்டே முடிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கே. உங்க ஊர்ல எப்ப முடியும்?" என்றாள்.

உங்க ஊர் என்றாள். அது குத்தியது.

கவுண்டரில் இருந்த இளைஞரிடம் பாக்கி ஏதாவது இன்னும் அவர் தலைமேல் நிற்கிறதா என்று கேட்டேன். சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு அனுமதி இல்லையாம். ஆனால் வீடு, நிலத்தின் மேல் யாராவது பாத்தியதை பதிந்திருந்தால் அது கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் தெரியும், அங்கே போய்ப் பாருங்கள் என்றார். ஆக, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். நம்மூரில் மட்டும்தான் இப்படி அலைக்கழிப்பார்கள் என்று நினைத்திருந்த எனக்கு, மனதுக்கு ஒருவிதத்தில் ஆறுதலாகவே இருந்தது.

5

ஆபீசில் இன்னொரு பல் வலித்தது. கவுண்டிப் பதிவு அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன்.

அங்கே சுவரோரமாக இரண்டு கம்ப்யூட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் ஒரு பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல வெயில், அவர் தலையில் குரங்குக் குல்லா. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தார். நம்மவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. பேச்சுக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று முகத்தைத் திருப்பியபடி அடுத்ததில் உட்கார்ந்தேன். பெயரைத் தட்டினேன். சுயம்புலிங்கம் தங்கையா. ஒரு வீடு. அதன் மேல் எந்தப் பாத்தியதையும் இல்லை.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்தபோது பக்கத்துத் திரை கண்ணில் பட்டது. அதில் என் பெயர் இருந்தது.

என் பெயர், என் விலாசம், அதற்குக் கீழே எங்கள் குடியிருப்போர் சங்கம் என் மேல் போட்ட வழக்கு. அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புழக்கடையில் நெத்திலி காயப் போட்டிருந்தேன். நெத்திலியைக் காயப் போடாமல் குளிப்பாட்டவா முடியும்? நாற்றம் என்று சங்கத்தார் கடிதம் போட்டார்கள். விளம்பரத் தபால் என்று நினைத்து நான் பிரிக்கவே இல்லை. அபராதம் போட்டு, அது வட்டியோடு வளர்ந்து, கோர்ட்டுக்குப் போய், வீட்டின் மேல் பாத்தியதையும் பதிந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. கட்டித் தீர்த்துவிட்டேன். ஆனால் இங்கே தீர்த்ததையும் பதிந்து வைப்பார்கள், தீர்க்க வேண்டியிருந்ததையும் அழிக்கமாட்டார்கள்.

நான் பார்ப்பதைப் பெரியவர் பார்த்தார். பிறகு மெதுவாக என் திரையைப் பார்த்தார். அதில் அவர் பெயர்.



"தம்பி... முத்துராஜா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. நீங்க... கார்த்திக் அப்பாவா?"

"ஆமா."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரையை அணைக்கப் பாய்ந்தோம். அவருக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை, நானே அணைத்துக் கொடுத்தேன். பெண் வீட்டாரைப் பற்றிப் பையன் வீட்டாரும் விசாரிக்கத்தானே செய்வார்கள்? அவருக்கும் இங்கே தெரு முக்கு கிடையாதே.

கீழே காபி மெஷினுக்குப் போனோம். அவர் வேம்பாரில் பிறந்தவர். பஸ்ஸில் தூத்துக்குடிக்கு வந்து காலேஜ் படித்தவர். ஒருவர் திரையில் ஒருவர் இருந்ததை இருவரும் பார்த்தாயிற்று. இனி நேரடியாகக் கேட்டுவிடலாம்தானே? ஆனால் இந்த விஷயத்தில் இருவருமே என் சித்தப்பாவின் சீடர்கள். மழையைப் பற்றிப் பேசினோம். உப்பு விலை பற்றிப் பேசினோம். இந்த ஊர்க் காபி காபியே இல்லை என்பதில் முழு உடன்பாடு ஏற்பட்டது.

"வீட்டுல மீனு நெறைய வாங்குவீயளோ தம்பி?" என்றார் மெஷினைப் பார்த்தபடி.

"முந்தி வாங்குவோம் அண்ணாச்சி. இப்ப அளவா வாங்குதோம். காயப் போடுதது இல்ல."

"நல்லது, நல்லது."

"கடை வச்சிருந்தீயன்னு அக்கா சொன்னா" என்றேன் காபிக் கோப்பையைப் பார்த்தபடி.

"வச்சிருந்தேன். இப்ப இல்ல. ஒரு சூப்பர் மார்க்கெட்டுல கணக்குப் பாக்கேன்."

"நல்லது, நல்லது."

அவ்வளவுதான். போன் நம்பரை மாற்றிக்கொண்டோம், பார்க்கிங் வரை கூடவே வந்தார். காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "பாத்து ஓட்டுங்க தம்பி" என்று மட்டும் சொல்லி, குரங்குக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். அவர் கார் பழையது, பின்பக்க விளக்கு ஒன்றைச் சிவப்பு டேப் போட்டு ஒட்டியிருந்தார். இவரைப் பற்றித்தான் நான் உண்டு என்று சொல்லப் போகிறேன். சொன்னதும் பிரியாவின் கல்யாணப் பேச்சு முடிந்துவிடும். வீடு வந்து சேரும் வரை எனக்கு ரேடியோ போடப் பிடிக்கவில்லை.

6

அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம். அத்தான் பின்னால் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பிரியா ஆபீசுக்குக் கிளம்பித் தோளில் பையோடு கதவருகில் நின்றாள், போகவில்லை.

பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை, முடிந்தது விஷயம். ஆனால் பார்த்தவனுக்கு வாய் வரவில்லை.

"உண்டுக்கா" என்றேன். "குடுத்திருக்காரு. ஆனா முடிஞ்சுபோச்சு. வீட்டு மேல ஒரு வில்லங்கமும் இல்ல. விவாகரத்துகூட இல்ல."

"விவாகரத்து யாருலே கேட்டா?" என்றாள் அக்கா. குரலில் தெம்பே இல்லை.

பிரியா பையைக் கீழே வைத்தாள். "அம்மா, எனக்குத் தெரியும். ரெண்டாம் நாள் பேசும்போதே கார்த்திக் சொல்லிட்டாரு."

"ஒனக்குத் தெரியுமா? எங்கிட்ட ஏம்ளா சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீய? ஊரையெல்லாம் கேட்டீய, மாமாவக் கோர்ட்டுக்கு அனுப்புனீய. எங்கிட்ட கேக்கலையே." அவள் கண் கலங்கியிருந்தது. "எனக்கு அவரத்தான் பிடிச்சிருக்கு. அவங்க அப்பா குடுத்த கடுதாசிய நான் என்ன செய்ய?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முத்து, ஒனக்கு ஞாபகம் இருக்காது. நீ சின்னவன்" என்றாள் பிறகு. "எனக்கு மொத மொதல்ல வந்த இடம் ஏன் தட்டிப் போச்சு தெரியுமா? அந்த வருசம் மழை முந்திக்கிட்டு, நம்ம உப்பளத்துல அள்ளி வச்ச உப்பு அம்புட்டும் கரைஞ்சு போச்சு. அப்பா மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாவன்னு எவனோ கெளப்பி விட்டான். அப்பா குடுக்கல. எல்லார் கடனையும் தீர்த்தாவ. மாப்பிள்ளை வீட்டுக்காரவ பஜார் பூரா கேட்டாவ. நம்ம வாசலுக்கு வந்து அப்பாட்ட ஒரு வார்த்தை கேக்கல. அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு நாலு நாளு உக்காந்திருந்தாவ, வருவாவ, கேப்பாவ, சொல்லணும்னு."

அத்தான் பேப்பரை மடித்துவிட்டார். அந்த மாப்பிள்ளை தட்டிப்போனதால் வந்த மாப்பிள்ளை அவர்தான்.

"அந்த அண்ணாச்சிக்கு இப்பவே போனப் போடு" என்றாள் அக்கா. "என்னையும் சேத்துப் போடு."

"இப்பவா? இங்க ராத்திரிச் சாப்பாட்டு நேரம்க்கா."

"போடுலே."

போட்டேன். ஒருமுறை அடித்ததுமே எடுத்துவிட்டார், கையிலேயே வைத்திருந்தவர் மாதிரி.

"அண்ணாச்சி, நான் தூத்துக்குடியிலேர்ந்து பிரியாவோட அம்மா பேசுதேன். சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. நீங்க மஞ்சக் கடுதாசி குடுத்தீயளா?"

சித்தப்பா இதைக் காதில் கேட்டிருந்தால் சண்டை என்றே முடிவு கட்டியிருப்பார். அந்தப் பக்கம் யாரோ தட்டை நகர்த்திவைப்பது கேட்டது.

"குடுத்தேம்மா" என்றார். "வீட்டுல அவளுக்கு ஆபரேசன். கடையும் அதே நேரம் படுத்துட்டு. ரெண்டையும் தூக்க எங்கிட்ட தெம்பு இல்ல. அவள எந்திரிக்க வச்சேன், கடைய விட்டுட்டேன்."

"இப்ப எப்படி இருக்காவ?"

"நல்லா இருக்கா. இந்தா பக்கத்துலதான் நிக்கா." என்றவர் தொடர்ந்தார். "அம்மா, இங்கன நம்மாளுக எத்தனையோ பேரு. விசேஷத்துக்குக் கூப்பிடுதத நிறுத்துனாவ, போன் பேசுதத நிறுத்துனாவ. அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டயே இத கேட்ட மொத ஆளு நீங்கதான்."

திரையில் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிரியா பையை எடுக்கவில்லை, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பின்னால் நிலா எப்போது வந்து நின்றாளோ, அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, சோத்துல கை வச்சிருக்கீய, சாப்பிடுங்க" என்றாள் அக்கா. "சாப்பிட்டுட்டு வீட்டுல அவங்ககிட்டயும் கலந்து பேசி, எப்ப ஊருக்கு வாரீயன்னு சொல்லுங்க, சம்பந்தி."